பழைய ஜீப்புக்கு இன்ஜின் மாற்றலாமா, எந்த வண்டிக்கு மாற்றலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், திசையன்விளை என்று திருநெல்வேலிச் சீமையில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு வீட்டுக் கொட்டகையில் பழைய ஜீப் நிற்கும். வாழைத்தார் ஏற்றியது, மலைக்கு ஆள் ஏற்றியது, காற்றாலை வேலைக்கு ஓடியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைப்பு இருந்திருக்கும். "இன்ஜின் மாத்திரலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: இன்ஜினைத் தேடிக் கிளம்பாதீர்கள், வண்டியைத் தீர்மானியுங்கள். சேஸிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) ஆர்.சி.யும் (பதிவுப் புத்தகம்) கெட்டியாக இருந்து, இன்ஜின் மட்டும் செத்துப்போன வண்டிதான் இந்தச் செலவுக்கு உரியது. மற்றக் கேள்விகளெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இன்ஜின் மாத்துறதும் ஓவரால் பண்றதும் ஒண்ணுதானே?

இல்லை. ஓவரால் என்றால் இருக்கிற இன்ஜினைப் பிரித்து, போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து), பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு மாற்றி அதையே திரும்ப ஏற்றுவது. நம்பர் மாறாது, ஆர்.சி.யில் ஒரு எழுத்தும் மாறாது. மாற்றுவதிலும் இரண்டு வகை உண்டு. அதே ரக இன்ஜின் இன்னொன்றை வைப்பது ஒன்று. வேறு ரக இன்ஜினை வைப்பது மற்றொன்று. வேறு ரகம் என்றால் மவுண்டிங், பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு), ரேடியேட்டர், சைலன்சர், புரப்பல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), வயரிங் எல்லாவற்றையும் தொட வேண்டிவரும்.

ஏத்தத்துல இழுக்க மாட்டேங்கு, புகையா தள்ளுது. இன்ஜின் போயிட்டுன்னு மெக்கானிக் சொல்லுதாரு. நம்பலாமா அண்ணாச்சி?

அளந்து காட்டச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். குறைவாகக் காட்டும் பெட்ரோல் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ்புஸ் என்று புகை அடிப்பதும் ரிங் தேய்மானத்தின் அடையாளம்.

புகையின் நிறமும் பேசும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் பக்கம் பாருங்கள்.

இழுவைக் குறைவுக்கு இன்ஜின் மட்டும் காரணமல்ல. கிளட்ச் வழுக்கும், பிரேக் டிரம் பிடித்துக்கொண்டே ஓடும், டீசல் லைனில் காற்று வாங்கும். புலியரை எஸ் வளைவில் திணறும் ஜீப்பில் இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகே இன்ஜினைக் குற்றம் சொல்லலாம்.

அப்போ எந்த வண்டியத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரி போதாது, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜின் ஓவராலுக்கும் அடங்காத நிலைக்குப் போயிருக்க வேண்டும்: பிளாக் வெடித்தது, கிராங்க் உடைந்தது, உதிரி கிடைக்காதது. சேஸிஸ் நேராகவும் துரு தின்னாமலும் இருக்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரிலோ, உங்கள் பெயருக்கு மாற்ற முடிகிற நிலையிலோ இருக்க வேண்டும். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன்பின் ஆக்சில் ஹவுசிங் மூன்றும் புது இன்ஜினின் இழுவையைத் தாங்க வேண்டும்.

இதில் ஒன்று குறைந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஓடுகிற நல்ல இன்ஜினை வெறும் வேகத்துக்காகக் கழற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை.

சேஸிஸ் நல்லாருக்கான்னு எப்படிப் பாக்க? எங்க ஊரு உவரி, உப்புக்காத்து.

கடற்கரை வண்டிக்கு இது தலையாய சோதனை. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் கெட்டி இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். துரு தின்ற இடம் சத்தத்தை விழுங்கும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே இறங்கும். பட்டை ஸ்பிரிங் தொங்கும் ஹேங்கர், ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்திய இடம், முன் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் பிராக்கெட் இவற்றில்தான் சேறும் உப்பும் தங்கும்.

சேஸிஸ் நம்பர் தெளிவாகப் படிக்க வருகிறதா என்றும் பாருங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பென்சில் வைத்துத் தேய்த்துப் பதிவு எடுக்கும் இடம் அது. நம்பர் அரித்துப்போயிருந்தால் இன்ஜினுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்கும் முன் அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எங்க கொட்டகைல மூணு நிக்கி: தாத்தா காலத்து பெட்ரோல் சி.ஜே.3பி, ஒரு மகிந்திரா எம்.எம். 540, ஒரு கார்புரேட்டர் மாருதி ஜிப்ஸி. காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு. எதுக்கு மாத்த?

மூன்றும் மேலே சொன்ன சேஸிஸ், ஆர்.சி., கியர் பாக்ஸ் சோதனைகளில் தேறியவை என்று வைத்துக்கொண்டால், என் ஓட்டு எம்.எம். 540க்கு.

அதில் வந்தது பெஷோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல், 2112 சிசி, 62 குதிரைத் திறன். ஏற்கெனவே டீசல் வண்டி என்பதால் டேங்க், ரிட்டர்ன் லைன், ஃபில்டர் எல்லாம் அதற்கேற்ப இருக்கின்றன. 91 அங்குல வீல்பேஸ் இருப்பதால் நீள இன்ஜினுக்கும் இடமுண்டு. அதே பெஷோ இன்ஜின் நல்லதாக ஒன்று கிடைத்தால் அதைவிட எளிய வழியில்லை. கிடைக்காவிட்டால் மகிந்திராவே பின்னாளில் தன் ஜீப்புகளில் போட்ட 2523 சிசி டி.ஐ. (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜின் இருக்கிறது. ஊர் ஊருக்கு அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை உண்டு, உதிரியும் கிடைக்கும். பெஷோவைப் போல ஹீட்டர் பிளக்கை நம்பி அது கிளம்புவதில்லை. சத்தமும் நடுக்கமும் கூடுதல், வேகம் குறைவு. ஆனால் அடி வேகத்திலேயே இழுக்கும், தோட்டத்துக்கும் மலைக்கும் அதுதான் வேண்டும்.

ஜிப்ஸி இரண்டாவது. சி.ஜே.3பியை அப்படியே விடச் சொல்வேன். அதன் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் எளிமையானது, பொறுமையாகச் செய்தால் ஓவராலில் எழுந்து உட்காரும். அந்த வண்டிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சி.ஜே.3பில டீசல் போட்டு நிறையப் பேரு ஓட்டத்தான செய்யுதாங்க?

ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. 1953ல் வந்த அந்த மாடலின் பானெட் உயரமாக இருப்பதே ஹரிகேன் இன்ஜின் உயரமாக இருந்ததால்தான். அதனால் வேறு இன்ஜினும் உள்ளே அடங்கிவிடுகிறது. கஷ்டம் பின்னால் வருகிறது. வீல்பேஸ் 80 அங்குலம்தான். நீளமான இன்ஜினும் நீளமான கியர் பாக்ஸும் வைத்தால் ஏற்கெனவே குட்டையான பின் புரப்பல்லர் ஷாஃப்ட் இன்னும் குட்டையாகி, செங்குத்தாகச் சாயும். மேடு பள்ளத்தில் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு) அடிக்கடி உடையும்.

அடுத்தது கிரவுன் பினியன், அதாவது ஆக்சிலுக்குள் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி. பெட்ரோல் வண்டிக்கு 5.38 விகிதம். 6.00-16 டயரோடு டாப் கியரில், இன்ஜின் 3000 ஆர்.பி.எம். சுற்றினால் வண்டி சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பெட்ரோல் இன்ஜின் அதற்கு மேலும் சுற்றும். மெதுவாகச் சுற்றும் டீசலுக்கு அதுவே எல்லை, நாற்கரச் சாலையில் வண்டி கத்திக்கொண்டே போகும். 4.88 பினியன் போட்டால் அதே சுற்றுக்குச் சுமார் 83 கிடைக்கும். ஆனால் முன் ஹவுசிங், பின் ஹவுசிங் இரண்டிலும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும்.

அதோடு 9 அங்குல டிரம் பிரேக். கனம் கூடிய வண்டியை மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை போகும் பாதையில் இறக்கிப் பார்த்தால் பிரேக்கின் அருமை தெரியும். (அந்தப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.) டீசல் போட்டே தீருவேன் என்றால் முதல் செலவு பிரேக்குக்கு.

டிராக்டர் இன்ஜின் ஒண்ணு சும்மா கெடக்கு. அதை ஜீப்புல வச்சா இழுவை பிரமாதமா இருக்குமே?

வேண்டாம். டிராக்டர் இன்ஜின் 2000 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யப் பிறந்தது. மேலே சொன்ன கணக்கில் 5.38 பினியனோடு சுமார் 50 கிலோமீட்டர் வேகம்தான் வரும். கனமும் மிக அதிகம், முன் பட்டை படுத்துவிடும், ஸ்டியரிங் கல்லாகும்.

ஆர்.சி. புக்குல என்ன பண்ணணும்? மாத்திட்டு அப்புறமா பாத்துக்கலாமா?

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் நின்றுபோன ஜீப்புகள் நம் பக்கம் நிறைய. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரித்த நிறுவனம் கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் மாறினால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நடைமுறையில் மூன்று படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தயாரிப்பு, அதே ரக இன்ஜின் என்றால் நம்பர் மட்டும் மாறும், அது எளிய படி. சிசி மாறினால் சிரமம் கூடும். பெட்ரோல் டீசலாக மாறினால் ஆர்.சி.யின் எரிபொருள் கட்டமே மாறுகிறது, அதுதான் ஆகக் கடினம். ஜீப் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவில் இருக்கிறதோ (நெல்லை என்றால் டி.என். 72, தென்காசி என்றால் டி.என். 76) அங்கே போய், எந்த இன்ஜின் வைக்கப்போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் எழுத்தில் அனுமதி, பிறகு ஸ்பேனர். அனுமதி இல்லையென்று சொன்னால் ஓவராலுக்குத் திரும்புங்கள்.

நம்பர் ஒத்துவராத வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்க வாய்ப்புண்டு. மலைக்கு ஆள் ஏற்றும் வண்டியென்றால் இதைப் பத்து மடங்கு யோசியுங்கள், பின்னால் உட்கார்ந்திருப்பது அடுத்த வீட்டுப் பிள்ளைகள்.

50 வருசம் ஆன ஜீப்புக்குத் தனிப் பதிவு உண்டுன்னு சொல்லுதாங்களே?

உண்டு. மத்திய அரசு 2021ல் கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அந்தப் பதிவு உதவாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான்.

சி.ஜே.3பிக்கு இன்னொரு மதிப்பு உண்டு என்று மேலே சொன்னது இதைத்தான். ஒரு தடவை டீசல் ஏற்றிவிட்டால் இந்தக் கதவு அடைபட்டுவிடும். பழைய இன்ஜினைத் திரும்ப வைக்கலாம், ஆனால் மவுண்டிங்குக்காக வெட்டிய சேஸிஸை மறுபடி பழையதாக்க முடியாது.

தேரிக்காட்டு மணல்ல ஓட்ட ஜிப்ஸிக்கு டீசல் இன்ஜின் நல்லதா?

மணலில் ஜெயிப்பது கனமில்லாத வண்டி. ஜிப்ஸி ஒரு டன்னுக்கும் குறைவு, அதனால்தான் திசையன்விளை, குதிரைமொழிப் பக்கத்துச் செம்மணலில் டயர் காற்றைக் குறைத்துவிட்டால் மிதந்து போகிறது. டீசலைத் தூக்கி மூக்கில் வைத்தால் அந்த அருமையான குணம் கெடும். பிரேக் பூஸ்டரும் பெட்ரோல் இன்ஜினின் வேக்குவத்தில் வேலை செய்வது. டீசலில் அந்த வேக்குவம் கிடையாது, தனியாக பம்ப் வைக்க வேண்டும். பழைய பெட்ரோல் டேங்கின் துரு டீசல் பம்பை நாசம் பண்ணும். ஆர்.சி.யில் மூன்றாவது படிச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

1985ல் வந்த முதல் ஜிப்ஸி 970 சிசி. 1996ல் 1298 சிசி ஆனது, 2000ல் எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்தது. பழைய கார்புரேட்டர் ஜிப்ஸியில் பின்னாளைய ஜிப்ஸியின் 1.3 எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை அதன் வயரிங், இ.சி.எம். (கட்டுப்பாட்டுக் கணினி), டேங்க் பம்ப் முழுசாகச் சேர்த்து வைப்பதே எனக்குப் பிடித்த வழி. பலேனோவின் 1.6 இன்ஜினை வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது காரில் குறுக்காக உட்கார்ந்த இன்ஜின், ஜிப்ஸியில் நீளவாக்கில் வைக்கும்போது மேனிஃபோல்டு, சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), மவுண்டிங் எல்லாம் வேலை வைக்கும்.

புதுசா வந்த சி.ஆர்.டி. இன்ஜின் வைக்கலாமா? பவர் ரெண்டு மடங்குன்னு சொல்லுதான்.

சி.ஆர்.டி. என்பது கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் டீசல், பவர் உண்மைதான். அந்தப் பவரைத் தாங்க கியர் பாக்ஸும் ஆக்சிலும் வேண்டும், பழைய ஜீப்பில் அவை இல்லை. அதோடு இ.சி.யு. (அந்தக் கணினி), சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல், சாவியின் இம்மொபிலைசர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து சேர்ந்து வர வேண்டும். ஒரு வயர் அறுந்தால் காட்டு நடுவில் வண்டி நின்றுவிடும், ஸ்கேனர் இல்லாமல் மெக்கானிக்கும் கைகட்டி நிற்பார். மெக்கானிக்கல் பம்ப் உள்ள டீசல், டீசலும் காற்றும் கிடைத்தால் ஓடும். டவுனுக்குள் ஆசைக்கு ஓட்டும் வண்டியென்றால் உங்கள் விருப்பம், தோட்டத்து வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

மிலிட்டரி ஏலத்துல வந்த ஜோங்கா ஒண்ணு விலைக்கு வருது. அது எப்படி?

நான் மனசார இன்ஜின் மாற்றச் சொல்லும் வண்டி இது. நிசான் உரிமத்தில் 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் செய்தது. 3956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல். சேஸிஸும் ஆக்சிலும் யானை பலம், ஆனால் பெட்ரோல் குடிக்கிற குடிக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. லைட் லாரி வகை டீசலைத் தாங்கும் உடம்பு அதற்கு உண்டு. சிக்கல் காகிதத்தில்தான். ஏலத்தில் விட்ட ஆவணம் முழுசாக இருக்கிறதா, சிவில் பதிவு ஆகியிருக்கிறதா, ஆகியிருந்தால் எரிபொருள் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னாள் உரிமையாளரே டீசலாக மாற்றி முறைப்படி ஏற்றிய ஜோங்கா கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடுங்கள்.

பழைய இரும்புக் கடைல இன்ஜின் எடுக்கும்போது என்ன பாக்கணும்?

முடிந்தவரை வண்டியில் ஏறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து எடுங்கள். கழற்றிக் கிடப்பது என்றால் கிராங்க் கையால் சுற்றுகிறதா, சம்பில் தண்ணீர் கலந்த வெண்ணெய் நிற ஆயில் இருக்கிறதா, ஹெட்டில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், பம்ப், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மவுண்டிங் எல்லாம் சேர்த்தே பேசி முடியுங்கள். தனித்தனியாகத் தேடினால் இன்ஜின் விலை அளவுக்கு அதுவும் இழுக்கும். பில் இல்லாமலும், அந்த இன்ஜின் வந்த வண்டியின் பதிவு ரத்தான சான்று நகல் இல்லாமலும் வாங்காதீர்கள். நம்பர் தேய்த்த இன்ஜின் என்றால் விலை கேட்காமலே திரும்பிவிடுங்கள்.

எங்க அப்பா இறந்துட்டாங்க. அவங்க ஜீப்ப ஓட்டணும்னு ஆசை. இன்ஜின மாத்தினா அது அப்பா வண்டியா இருக்குமாண்ணே?

இருக்கும்மா. ஆனால் இன்ஜினுக்கு முன்னால் ஆர்.சி.யை வாரிசுப்படி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அது ஆகாமல் எந்த அனுமதியும் கேட்க முடியாது. 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவு புதுப்பிப்பும் பாக்கி இருக்கலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு இரண்டாவது கேள்வியில் சொன்ன சோதனை. அந்த இன்ஜினே எழுந்துகொள்ளும் என்றால் கொஞ்சம் கூடச் செலவானாலும் ஓவரால் பண்ணுங்கள். முடியாது என்றால் அதே ரகம் வையுங்கள், பழைய பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, துவாரங்களை அடைத்து, தரையில் படாமல் கட்டை மேல் வையுங்கள்.

மாத்தி முடிச்சாச்சு, டவுனுக்குள்ள நல்லா ஓடுது. ஏத்தத்துல மட்டும் சூடாவுது. ஏன்?

பெரிய இன்ஜினுக்குப் பழைய ரேடியேட்டரையே விட்டிருப்பார்கள். அல்லது ஃபேன் ரேடியேட்டரின் நடுவில் நிற்காமல் கீழேயோ பக்கவாட்டிலோ விலகி நிற்கும். ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றைக் கூட்டிக் கொடுக்கும் கூடு) இல்லாவிட்டால் அது காற்றை இழுக்காது, சும்மா கலக்கும். டவுனில் இன்ஜினுக்குப் பாரமில்லை, அதனால் தெரியாது. லோ கியரில் மெதுவாக ஏறும்போது பாரம் கூடும், முன்னிருந்து வரும் காற்றும் இருக்காது, எல்லா வேலையும் ஃபேன் தலையில் விழும்.

முதலில் ஷ்ரவுட் போடுங்கள். ரேடியேட்டரைக் குழாய் வரிசை கூட்டிய கோராக மாற்றுங்கள். ஹீட்டர் லைன் மேட்டில் காற்று அடைத்திருந்தால் வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தீர்வல்ல. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே ஊற்றாதீர்கள், உள்ளே காரை கட்டிவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சூடு காட்டும் முள் ஏறினால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதியுங்கள். கழற்றி வாங்கிய இன்ஜினில் பழைய கேஸ்கெட்டை மாற்றாமல் ஏற்றியிருந்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.